சுரங்க மேட்டை அழகாக வரையலாமா?

11 பிப்ரவரி 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

நெய்வேலி மண்மேடுகளை நீங்கள் வரைந்த ஆறு படங்களையும் பார்த்தேன். செம்மண், மஞ்சள், வெள்ளைக் களிமண் என்று அடுக்கடுக்காக, மாலை வெயிலில், பட்டுப் புடவைகளை மடித்து அடுக்கியது போல இருக்கின்றன. அந்த இடத்தில் ஊர்கள் இருந்தன. முந்திரித் தோப்புகள் இருந்தன. கண்ணுக்கு இதமாக வரைந்து சுவரில் மாட்டுவது, அந்த நிலத்தை இரண்டாம் முறை கையகப்படுத்துவது ஆகாதா?

அன்றே இரவு

ஆகாது.

12 பிப்ரவரி

ஒற்றைச் சொல்லில் முடித்தது திமிராகத் தெரிந்திருக்கும். திமிர்தான். பகல் முழுவதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாம்பழத்துக்கு நிழல் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து படித்த கேள்வி அது.

நிறத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடப்பது கடலூர் மணற்கல். இரும்பு ஏறிய அடுக்கு சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருக்கும், இடையிடையே களிமண் வெள்ளையாக வரும். ஒரு டன் கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணைத் தள்ள வேண்டும். தள்ளிய மண் மேடாகிறது, மேடு அந்த நிறங்களில் நிற்கிறது. சாம்பல் பூசி, தலைப்பில் "ரணம்" என்று எழுதியிருந்தால் உங்கள் கேள்வி வந்திருக்காது. ஆனால் அது பொய்யாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது தோண்டி எடுப்பதற்கு முன். அம்மா பிறந்த ஊர் இரண்டாம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. அப்பா அதே சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் கன்வேயர் பெல்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஓவியக் கல்லூரியில் கட்டிய கட்டணம் பெல்ட்டில் ஓடி வந்த பணம். எந்தப் பக்கம் நின்று பேச வேண்டும் என்று எனக்கு யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது, நானும் சொல்லிக்கொண்டதில்லை.

15 பிப்ரவரி

மூன்று நாளாகக் கேள்வி விடவில்லை. ஆறு படங்களையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். அழகு பிரச்சினை இல்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். பிரச்சினை வேறு: ஆறிலும் நான் ஒரே உயரத்தில் நிற்கிறேன். சுரங்கம் பார்க்க வருகிறவர்களைக் கொண்டுபோய் நிறுத்தும் விளிம்பு அது. அங்கிருந்து பார்த்தால் மெஷின் பொம்மை போலத் தெரியும், ஆள் தெரியமாட்டான். மண் வெட்டும் ராட்சதச் சக்கரம் சுற்றும் சத்தம்கூடக் காற்று திரும்பினால்தான் கேட்கும்.

கனடா நாட்டுப் புகைப்படக்காரர் எட்வர்ட் பர்டின்ஸ்கி பல பத்தாண்டுகளாகக் கல்குவாரிகளையும் சுரங்கங்களையும் எடுத்து வருகிறார். மிகப் பெரிய படங்கள், பெரும்பாலும் உயரத்திலிருந்து. அவர் மீதும் இதே குற்றச்சாட்டு உண்டு. நான் அவரை மாணவனாக இருந்தபோது வியந்து பார்த்தவன். உயரத்தின் பழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவருக்கு உயரம் ஒரு தேர்வு. எனக்கு அது அனுமதிச் சீட்டு காட்டிய இடம்.

27 பிப்ரவரி

ஏழாவது படம் முடிந்தது. இதன் கதையைச் சொல்ல வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் அனுமதி வாங்கி அம்மாவை அந்த விளிம்புக்கு அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு எழுபது வயது. கல்யாணமாகி வடலூர்ப் பக்கம் வந்த பிறகு பிறந்த ஊர் இருந்த திசைக்கே போனதில்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எதிரே வெறும் காற்றைச் சுட்டி, "அங்கேதான் எங்கள் வீட்டுத் திண்ணை" என்றார். கீழே குழி நூறு மீட்டருக்கு நெருக்கமான ஆழம். திண்ணை அந்தரத்தில் மிதக்கிறது.

அதைத்தான் வரைந்தேன். முழுத்தாளில் குழி, நடுவே காற்றில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் இடம் மட்டும் வண்ணம் படாத வெள்ளைத் தாள். இதுவரை நான் வரைந்ததில் இதுதான் நேர்மையான படம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்வி கேட்டவர் இதைப் பார்க்க வேண்டும்.

2 மார்ச்

ஏழாவது படம் தவறு.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது உன் அம்மாவின் ஊர் இல்லையடா" என்றார்.

சுரங்கம் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது அவர் சொன்ன பிறகுதான் மண்டையில் ஏறியது. நடந்துகொண்டே இருக்கிறது. முன்பக்கம் வெட்டுகிறார்கள், வெட்டிய மண் பெல்ட்டில் ஏறிப் பின்பக்கம் போகிறது, கரி எடுத்து முடித்த குழியில் ஸ்ப்ரெடர் அதைக் கொட்டுகிறது. அம்மாவின் ஊர் இருந்த இடத்தில் குழி என்றைக்கோ மூடிவிட்டது. இப்போது அங்கே மேடு. அதாவது நான் முதல் ஆறு படங்களில் பட்டுப் புடவை போல வரைந்தேனே, ஏறக்குறைய அந்த மேட்டுக்கு அடியில். நான் வெள்ளையாக விட்ட இடம் வேறு யாருடைய ஊருக்கோ மேலே இருக்கிறது.

"அப்படியானால் ஊர் மண் தலைகீழாகக் கிடக்குமா? மேல் மண் அடியில், அடி மண் மேலே?" என்று கேட்டேன். கவிதை கிடைத்துவிடும் என்ற ஆசைதான். அவர் சிரித்துவிட்டார். எந்த பெஞ்ச் (சுரங்கத்தில் வெட்டும் படி) மண் எந்த ஸ்ப்ரெடருக்குப் போக வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டாம். வாளி ஒன்று ஆயிரத்து நானூறு லிட்டர் கொள்ளும் சக்கர மெஷினில் பல் எத்தனை நாளுக்கு ஒரு முறை தேய்ந்து போகும், மணற்கல்லை வெடி வைத்துத் தளர்த்தாமல் ஏன் வெட்ட முடியாது என்று ஒரு மணி நேரம் பேசினார். முப்பது வருடத்தில் என்னிடம் அவர் இவ்வளவு பேசியது அன்றுதான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

3 மார்ச்

"நிலத்தின் வரலாறு தெரியாமல் நிலக்காட்சி வரைந்தால் இப்படித்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். வாங்கிக்கொள்கிறேன்.

10 மார்ச்

வேறு வழியாகப் போகலாம் என்று பார்க்கிறேன். கடையில் வாங்கிய வண்ணத்தை விட்டுவிட்டு, கரியாலேயே வரைந்தால் என்ன? ஐரோப்பிய ஓவியர்கள் வான்டைக் பழுப்பு என்று ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கேசல் மண், கொலோன் மண் என்றும் பெயர் உண்டு. பெயர்தான் மண், பொருள் பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலிக் கரியின் ஒன்றுவிட்ட உறவு.

வீட்டுப் பரணில் பழைய லெகோ கட்டி இரண்டு கிடந்தது. (லெகோ தெரியாத தலைமுறைக்கு: நெய்வேலியில் கரியை அச்சில் அடித்து அடுப்புக்கு விற்றார்கள். எங்கள் வீட்டில் வெந்நீர் அதில்தான்.) இடித்துப் பொடியாக்கி, சலவைச் சோடாவில் வேகவைத்தேன். இரண்டு மணி நேரம். அழுக்குத் தண்ணீர்தான் கிடைத்தது.

14 மார்ச்

வேதியியல் ஆசிரியர் ஒருவர் தலையில் குட்டிவிட்டார். லெகோ ஏற்கெனவே சூடேற்றிக் கரியாக்கப்பட்டது. சோடாவில் கரைந்து பழுப்பாக இறங்க வேண்டிய ஹ்யூமிக் அமிலம் அதில் எரிந்து போயிருக்கும். பச்சைக் கரி வேண்டும்.

பச்சைக் கரிக்கு ஒன்றும் பஞ்சம் இல்லை. லாரிகள் திரும்பும் வளைவில் சாலையோரம் உதிர்ந்து கிடக்கும். கைக்கு அடக்கமான ஒரு துண்டு எடுத்து வந்தேன். கரி என்று சொல்ல மனம் வரவில்லை, அது இன்னும் மரம்தான். நார் ஓடியது கண்ணுக்குத் தெரிகிறது, நகத்தால் நெருடினால் சிலும்பு வருகிறது. நான்கு நாள் ஜன்னலோரம் வைத்திருந்ததில் ஈரம் வற்றிக் குறுக்கே வெடித்து, தட்டினால் ஏடு ஏடாகப் பிரிந்தது. எத்தனையோ கோடி வருடம் கெடாமல் கிடந்த கட்டை, என் ஜன்னலில் நான்கு நாள் தாங்கவில்லை.

24 மார்ச்

மை வந்துவிட்டது.

காப்பி டிகாக்‌ஷன் போல இறங்கியது. முதல் தீற்றலிலேயே தெரிந்தது, கடைப் பழுப்பில் இல்லாத ஒரு சூடு இதில் இருக்கிறது. தண்ணீர் அதிகம் விட்டால் தேன் நிறம், தொடர்ந்து மூன்று பூச்சு கொடுத்தால் கறுப்புக்கு முந்தைய படி. பிசினுக்கு வேலம் பிசின் வாங்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரத்தில் வழியும் பிசினை இரவெல்லாம் ஊறவைத்துக் கலந்தேன். அந்தச் செம்மண்ணில் முந்திரிதானே நின்றது. நிலம் முழுவதும் ஒரு கிண்ணத்துக்குள் வந்துவிட்டது என்று கொஞ்சம் அதிகமாகவே பெருமைப்பட்டேன். மறுநாள் கிண்ணத்தில் பூஞ்சணம். கிராம்பு இரண்டு போட வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் கேள்வி: "துணி துவைக்க வைத்திருந்த சோடாப் பாக்கெட் எங்கே?"

14 ஏப்ரல்

சித்திரை முதல் நாள். இன்று ஒரு சோதனை தொடங்கினேன். கேசல் மண்ணைப் பற்றி ஓவியர்களுக்குப் பழைய புகார் ஒன்று உண்டு: வெளிச்சத்தில் நிற்காது. நீர்வண்ணத்தில் இன்னும் மோசம், சூடான பழுப்பு போய்க் குளிர்ந்த சாம்பலாகிவிடும். நம் கரி எப்படி என்று பார்க்க வேண்டும். ஒரு தாளில் ஆறு பட்டை: மூன்று கரி மை, மெல்லியது முதல் கெட்டி வரை. மற்ற மூன்று, மேட்டிலிருந்து சரிந்து வரும் செம்மண்ணைச் சலித்துப் பிசினில் குழைத்தது. பாதித் தாளைக் கறுப்பு அட்டையால் மூடித் தெற்கு ஜன்னலில் ஒட்டினேன்.

20 ஏப்ரல்

சிலப்பதிகாரத்தை இழுக்காமல் தமிழில் நிலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடியாது போலிருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டுப் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்ற அடியை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அருமையான அடிதான். ஆனால் அங்கே நிலத்தைக் கெடுப்பது கதிரவனும் வேனிலும். மழை வந்தால் பாலை திரும்பவும் முல்லையாகலாம், அந்த வாசல் திறந்தே இருக்கிறது. எங்கள் மேட்டில் மரம் நட்டிருக்கிறார்கள், வளர்ந்தும் இருக்கிறது, பறவைகள் வருகின்றன. பாலை என்று சொல்லப் போனால் பச்சையாக இருக்கிறது. முல்லை என்றால் ஆடு மேய்க்க ஆள் இல்லை. ஐந்து திணையில் எதிலும் சேராத நிலம் அது. பழைய பெட்டிக்குள் அடைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

23 ஏப்ரல்

என் அறிவைக் கண்டு நானே வியக்கிறேன். சித்திரையில் நம் ஊரில் நண்பகல் வெயில் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடுகிறது. தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழவே இல்லை. பத்து நாள் வீண். தாளை மொட்டை மாடிக்கு மாற்றிக் கண்ணாடி போட்டுச் செங்கல் வைத்தேன்.

6 மே

கத்திரி வெயில். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்வெட்டு. அனல்மின் நிலையத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள் தூரம்தான்.

கொலோன், கேசல் என்று படித்துக்கொண்டே போனதில் ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்டேன். கொலோன் பக்கம் ரைன்லாந்தில் இன்றைக்கும் இதே கரியை, இதே வகைச் சக்கர மெஷினால் வெட்டுகிறார்கள். லுட்ஸராத் என்ற சிற்றூரை 2023 ஜனவரியில் போலீஸ் வைத்துக் காலி செய்தார்கள். கிழக்கே லௌசிட்ஸ் பகுதியில் பழைய சுரங்கங்களைத் தண்ணீர் நிரப்பி ஏரிகளாக்கியிருக்கிறார்கள். மண் தள்ளிய அரை கிலோமீட்டர் நீள இரும்புப் பாலத்தை உடைக்காமல் நிறுத்தி டிக்கெட் போட்டு ஏற்றுகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "டிக்கெட் எவ்வளவு?" என்றார்.

அமெரிக்காவிலிருந்து ஒரு சங்கதி. ராபர்ட் ஸ்மித்சன் என்ற சிற்பி, கைவிட்ட சுரங்கங்களைக் கலைப்படைப்பாக மாற்றித் தருகிறேன் என்று சுரங்க நிறுவனங்களுக்கு யோசனை அனுப்பிக்கொண்டிருந்தவர். 1973இல் விமான விபத்தில் இறந்துபோனார். அதற்குச் சில வருடம் கழித்து, 1979இல், ராபர்ட் மோரிஸ் வாஷிங்டன் மாநிலத்தில் கைவிட்ட ஒரு சரளைக்கல் குழியைப் படிப்படியாகச் செதுக்கிப் புல் போட்டார். மேலே மரங்களை வெட்டிய அடிக்கட்டைகளை மட்டும் கறுப்பாக்கி அப்படியே விட்டார். அவரே கேட்ட கேள்வியும் இருக்கிறது: கலைஞன் வந்து அழகாக்கிவிடுவான் என்று தெரிந்தால், தோண்டுகிறவனுக்கு எதற்குக் கவலை?

கேள்வி கேட்ட வாசகரே, உங்கள் கேள்வியை நாற்பத்தைந்து வருடம் முன்பு குழிக்குள் நின்றவரே கேட்டிருக்கிறார். பிப்ரவரியில் "ஆகாது" என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அன்று அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

28 மே

கத்திரி முடிந்தது. அட்டையை எடுத்தேன். மெல்லிய கரி மை வெயில் பட்ட பாதியில் கிட்டத்தட்டக் காணோம், பழைய தாளில் டீ கொட்டிக் கழுவியது போல ஒரு சாயல்தான். நடுத்தரப் பட்டை சூடு இழந்து சாம்பலாகிவிட்டது. கெட்டிப் பூச்சு மட்டும் தாக்குப் பிடிக்கிறது. செம்மண் பட்டை மூன்றும் மூடிய பாதியும் மூடாத பாதியும் ஒன்றுபோல, ஒரு மாற்றமும் இல்லை. இரும்புத் துரு எந்த வெயிலைப் பார்க்கவில்லை!

கரியில் வரைந்தது போகும், மேட்டு மண்ணில் வரைந்தது நிற்கும். இதில் நான் தத்துவம் எதுவும் சொல்லப் போவதில்லை. ஏழாவது படத்தில் வாங்கிய அடி போதும்.

16 ஜூன்

"வளையமாதேவியை ஏன் வரையவில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள்.

2023 ஜூலையில் அந்த ஊரில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்கால் வெட்ட, நின்ற நெல்லின் மேல் மண்வெட்டி இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. வடலூர் அருகிலேயே இருப்பதால் எல்லாரும் "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்பதையே எழுதினார்கள். நானும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். வள்ளலார் பார்த்தது மழையில்லாமல் வாடிய பயிர். இது தண்ணீர் குறையாத பச்சைப் பயிர், வாட நேரமே கிடைக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஸ்கெட்ச் புத்தகத்தோடு போனேன். வரப்பில் உட்கார்ந்தேன். தூரத்தில் இருந்த ஒருவர் வந்து, "அளவு எடுக்கவா?" என்று கேட்டார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த ஊரில் தாளும் பென்சிலுமாக வருகிறவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

17 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. அதைக் கோழைத்தனம் என்று ஒருவர் சொல்கிறார். இருக்கலாம். அவரிடம், "இல்லை ஐயா, படம் வரைகிறவன்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். எனக்கு அது அப்போது தோன்றவில்லை, பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது.

21 ஜூலை

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குழி இல்லை, மேடு என்று. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. "அப்படியானால் மூடிவிட்டார்களா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லது" என்றார். ஏன் நல்லது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எட்டாவது படத்தைக் கரி மையில் தொடங்கினேன். விளிம்பு இல்லை, உயரம் இல்லை, குழியும் இல்லை. அம்மா சொல்லச் சொல்ல ஊரை மட்டும். சமையல் மேசையில்தான் வேலை. தெருவுக்கு ஒரு கோடு இழுத்தால், "ஏரிக்கரை இந்தப் பக்கம், கலிங்கு அந்தப் பக்கம்" என்று திருத்துவார். (கலிங்கு: ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வழிந்தோடும் இடம்.) நான் மையில் போட்டதை அழிக்க முடியாதே என்று முழிக்க, அவர் பொறுமை இழந்து என் பென்சிலைப் பிடுங்கி மையின் மேலேயே வரைய ஆரம்பித்துவிட்டார். எழுபது வயதில் முதன்முறையாகப் படம் வரைகிறார். கோடு நடுங்கவில்லை. கோலம் போட்ட கை.

அவர் போட்டவை: கலிங்கு. மாரியம்மன் கோயில் வேம்பு. அண்ணன் விழுந்த கிணறு. (மாமா விழுந்தது எனக்கு இதுவரை தெரியாது. பிழைத்துக்கொண்டாராம்.) கொல்லையில் ஒரு குழாய். அதைப் பார்த்து, "மின்சாரம் வந்த பிறகா?" என்றேன். "மோட்டாரே கிடையாது, தானாகப் பொங்கும், இராப்பகல் நிற்காது. அதன் சத்தத்தில்தான் தூங்குவோம்" என்றார். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தேங்கி நின்ற நீர் அது. சுரங்கத்துத் தரையை அந்த நீர் பிளந்துவிடாமல் இருக்க இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்கிறார்கள் என்று பின்னால் இருந்து அப்பா சொன்னார். ஒரே தண்ணீரைப் பற்றி இருவரும் வாழ்நாள் முழுக்கத் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில்.

22 ஜூலை

வேதியியல் ஆசிரியர் உடனே கேட்டுவிட்டார்: மை மங்கும், பென்சில் மங்காதே, அப்புறம்? ஆம். பென்சில் கிராஃபைட் வெளிச்சத்துக்கு அசையாது. இன்னும் சில வருடத்தில் என் தெருக்கள் போய்விடும், அம்மாவின் கலிங்கும் கிணறும் குழாயும் தாளில் தனியாக நிற்கும். நான் திட்டமிட்டது இல்லை. திட்டமிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் மோசமாக வந்திருக்கும்.

9 ஆகஸ்ட்

ஆறு படங்களும் பிப்ரவரியிலிருந்து சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கின்றன. அவற்றைக் கிழிக்கவா என்று கேட்டவருக்கு: மாட்டேன். நிறம் சரியாக விழுந்திருக்கிறது. நின்ற இடம்தான் தவறு. பின்பக்கம் எங்கே நின்று வரைந்தேன், யார் அனுமதித்தார்கள், எத்தனை மணி என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏழாவதின் பின்னால், "இது வேறு யாருடைய ஊரோ, தெரிந்தவர்கள் சொல்லவும்."

எட்டாவதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன். அம்மா விடவில்லை. வெளிச்சம் பட்டால் போய்விடும் என்று நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். சித்தி வந்தபோது மட்டும் வெளியே எடுத்தார்கள். சித்தி பார்த்துவிட்டு, கலிங்கு தப்பு, இன்னும் தள்ளி என்றார். சண்டை.

18 ஆகஸ்ட்

மையின் அளவு கேட்டு நான்கு பேர். நூறு கிராம் பச்சைக் கரிப்பொடி, அரை லிட்டர் தண்ணீர், சலவைச் சோடா இரண்டு தேக்கரண்டி. சிறு தீயில் அரை மணி நேரம், பொங்க விடாதீர்கள், அடுப்பில் படிந்தால் கறை போகாது. ஆறியதும் வேட்டித் துணியில் வடிகட்டவும். ஊறவைத்த முந்திரிப் பிசின், இரண்டு கிராம்பு. பொடி இடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். எவர்சில்வர் போதும், ஆனால் அந்தப் பாத்திரத்தை மறுபடியும் சமையலறைக்குள் கொண்டுபோக வேண்டாம். என் வீட்டில் அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.